கண்ணாடிக்கு யார் ஜாமீன்?

கத்தரிக்காய் வாங்குகிறவர் காம்பைத் திருப்பிப் பார்க்கிறார், லேசாக அழுத்திப் பார்க்கிறார். கண்ணாடி வாங்குகிறவருக்கு அந்த வசதி கிடையாது. உலையிலிருந்து எடுத்ததும் பதமாக ஆறவைக்காத கண்ணாடி, காரம் கூடிப்போன கண்ணாடி, உள்ளே மணலளவு தூசு மாட்டிக்கொண்ட கண்ணாடி எல்லாம் கடையில் ஒரே மாதிரிதான் மினுங்கும். எது எது என்று உடைகிற அன்றைக்குத்தான் தெரியும். ஜன்னல், கண்ணாடி, பாதுகாப்புக் கம்பிவலை ஆகிய தொழில்களில் எழுநூறு ஆண்டுகளாகச் சங்கங்கள் தோன்றிக்கொண்டே இருப்பதற்கு வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு: விலையைக் காப்பது, வெளியாரைத் தடுப்பது. இரண்டும் உண்மையே. ஆனால் அவற்றோடு நிறுத்திக்கொண்டால், அரசர்கள் போய், பட்டயங்கள் காலாவதியாகி, ஏகபோகங்கள் சட்டவிரோதமான பிறகும் இந்தச் சங்கங்கள் ஏன் புதிது புதிதாக முளைக்கின்றன என்பது புரியாது. வாங்குகிறவரின் கண்ணில் படாத குறைக்கு யாராவது முன்வந்து ஜாமீன் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்த சங்கங்களுக்கு மதிப்பு இருந்தது. அதை விட்டுவிட்டு வாசற்கதவைக் காவல் காப்பதே வேலை என்று இருந்த சங்கங்களைத் தாண்டித் தொழில் வேறிடம் போய்விட்டது. வெனிஸ், லண்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று இடங்களின் வரலாற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

வெனிஸில் கண்ணாடித் தொழிலாளர் குழுவின் விதிகள் 1271-இல் எழுத்துக்கு வந்தன. வெளியூர்க் கண்ணாடி நகருக்குள் வரக் கூடாது, வெளியூர்க்காரர் உலையில் வேலை செய்யக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. இருபது ஆண்டு கழித்து, 1291-இல், நகரத்துக்குள் இருந்த உலைகளை இடிக்கும்படி வெனிஸின் பெரிய சபை ஆணையிட்டது. மரவீடுகள் நெருங்கி நின்ற ஊரில் தீப்பயம் இருந்தது, அதுதான் ஆணையில் சொன்ன காரணம். உலைகள் முரானோ தீவுக்குப் போயின. தீயை உத்தேசித்துச் செய்த காரியத்துக்கு இன்னொரு பலனும் கிடைத்தது: நாட்டின் கண்ணாடி வித்தை முழுவதும் கடல் சூழ்ந்த ஒரே இடத்தில், கண்காணிக்க வசதியாக, அடைந்துகொண்டது. அங்கே கைதேர்ந்தவர்களுக்கு மரியாதை அதிகம். கண்ணாடி ஆசானின் மகளைப் பிரபு ஒருவர் மணந்தால் பிள்ளைகளின் பிரபுப் பட்டம் போகாது. 1605-இலிருந்து தீவின் பூர்வ குடும்பங்களுக்கென்று தனியாகத் தங்க ஏடு என்ற பெயர்ப் பதிவேடும் இருந்தது. மரியாதைக்கு விலை, தீவை விட்டுப் போகாமல் இருப்பது. வெளிநாட்டில் போய் உலை மூட்டியவனுக்குத் தண்டனை காத்திருந்தது.

இந்த ஏற்பாடு தோல்வி என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடியாது. ஏறக்குறைய நானூறு ஆண்டு ஐரோப்பாவின் அரண்மனை மேஜைகளில் முரானோ கண்ணாடிதான் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் ஆஞ்சலோ பரோவியரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் நிறமற்ற கிரிஸ்டல்லோ கண்ணாடியும் இந்த மூடிய தீவில் பிறந்ததுதான். ஆனால் முரானோவின் மதிப்பைச் சுவர் காத்ததா, போட்டியில்லாத காலம் காத்ததா என்று கேட்க வேண்டும். 1612-இல் அந்தோனியோ நேரி என்ற பாதிரியார் பிளாரன்சில் கண்ணாடிச் சேர்மானங்களைப் புத்தகமாகவே அச்சிட்டு வெளியிட்டார். 1660-களில் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பெர், முரானோவின் நிலைக்கண்ணாடி ஆசான்கள் சிலரை ஆசைகாட்டிப் பாரிசுக்கு வரவழைத்தார். 1665-இல் அங்கே அரச நிலைக்கண்ணாடித் தொழிலகம் தொடங்கியது. வெனிஸ் மிரட்டியும் மன்னித்தும் பலரைத் திரும்ப அழைத்துக்கொண்டது, ஆனால் வித்தை அதற்குள் கை மாறிவிட்டது. 1684-இல் முடிந்த வெர்சாய் அரண்மனைக் கண்ணாடிக் கூடத்தில் 357 நிலைக்கண்ணாடிகள் பதிந்தன, பிரெஞ்சுக் கண்ணாடிகளாக. அந்தப் பாரிஸ் தொழிலகத்தின் வாரிசுதான் இன்று நம் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி வார்க்கும் செயின்ட் கோபேன். இரகசியத்தைக் காப்பது ஒரு சங்கத்தின் முதல் வேலையாகிவிட்டால் நாலு பேரை இழப்பதே அதற்குப் பேரிழப்பாகிவிடும். 1806-இல் நெப்போலியன் ஆட்சி வெனிஸின் தொழிற்குழுக்களைக் கலைத்தபோது முரானோ ஏற்கெனவே நலிந்திருந்தது. இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது பிற்கால நிகழ்ச்சி. வேறெங்கோ செய்த மலிவுச் சாமான்கள் முரானோ பெயரில் விற்பனையாகத் தொடங்கியபோது, வெனெட்டோ மாநிலம் 1994-இல் சட்டமியற்றி, தீவில் செய்த பொருளுக்கு மட்டும் ஒட்டக்கூடிய ஒரு முத்திரையை ஏற்படுத்தியது. பூட்டை எடுத்து ஏறக்குறைய இருநூறு ஆண்டானபின், அந்தத் தீவு முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டது.

லண்டனிலும் கதை வேலியடைப்பதில்தான் தொடங்குகிறது. ஜன்னல்களுக்கு ஈயப்பட்டையில் கண்ணாடி பொருத்துகிறவர்களின் குழு பதினான்காம் நூற்றாண்டிலேயே இருந்தது, 1638-இல் முதலாம் சார்லஸ் அதற்குப் பட்டயம் கொடுத்தார். இடைப்பட்ட காலத்தில் அதன் பெரிய தலைவலி தேம்ஸ் நதிக்கு அக்கரையில், நகர அதிகாரம் எட்டாத சதர்க்கில், குடியேறியிருந்த பிளெமியக் கைவினைஞர்கள். மனுக்களும் வழக்குகளும் பல தலைமுறை நடந்தன. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் ஜன்னல்களுக்கு அரசரின் ஆட்கள் யாரைத் தேடிப் போனார்கள் என்பது இந்தச் சண்டைக்கு நல்ல தீர்ப்பு. வேலையை முதலில் ஏற்ற பார்னார்டு பிளவர் வெளிநாட்டவர். அவர் இறந்தபின் 1526-இல் எழுதிய ஒப்பந்தங்களில் முன்னால் நிற்பவர் கேலியன் ஹோன், அவரும் கடல்கடந்து வந்து சதர்க்கில் தங்கியவர். இங்கிலாந்தின் மிகச் சிறந்த வண்ண ஜன்னல்கள் என்று பெயர் வாங்கியவை, உள்ளூர்க் குழு துரத்த விரும்பியவர்களின் தலைமையில் உருவாயின. அந்தக் குழு தன் முத்திரைக்கு மதிப்புத் தேடியிருந்தால் ஹோனை உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கும். வீதியைக் காக்க முயன்றதால் நதியைக் கடந்து போனவர்களிடம் தோற்றது.

அதே ஊரில், வேறொரு குழு, ஒரு தலைமுறைக்குள் எதிர்த்திசையில் போய்க் காட்டியது. கண்ணாடி விற்போர் குழுவுக்கு இரண்டாம் சார்லஸ் 1664-இல் பட்டயம் கொடுத்தார். இவர்கள் செய்கிறவர்கள் அல்ல, கடைக்காரர்கள். வெனிஸிலிருந்து வரும் கிண்ணங்களை விற்றார்கள். கப்பலில் உடைந்து வந்தன, விலையும் கூடுதல். வெனிஸில் வியாபாரம் செய்து பழகியவரான ஜார்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் 1673-இல் லண்டன் சவாய் பகுதியில் உலை அமைத்து, அடுத்த ஆண்டு ஏழாண்டுக் காப்புரிமை வாங்கினார். 1674-லேயே விற்போர் குழு அவரோடு ஒப்பந்தம் போட்டது: குழு தரும் மாதிரிகளின்படி அவர் செய்ய வேண்டும், குழு வாங்கிக்கொள்ளும். தேம்ஸ் கரையில் ஹென்லியில் இன்னொரு உலையும் எழுந்தது. வந்த கண்ணாடி பார்க்கப் படிகம் போல இருந்தது. சில மாதம் போனதும் அதன் மேல் ஈரம் கசிந்தது, பிறகு பனி படர்ந்தது போல மங்கியது, கடைசியில் மயிரிழை விரிசல்கள் வலைபோலப் பரவின. சேர்மானத்தில் காரம் அதிகம், அதைக் கட்டிப்பிடிக்கும் சுண்ணாம்பு குறைவு. காற்றின் ஈரம் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவிடும். விற்ற கடைக்காரர் விற்ற நாளில் பொய் சொல்லவில்லை, செய்தவரும் ஏமாற்றவில்லை. ஆனால் மாதங்கள் கழித்து மங்கிய கிண்ணத்தோடு திரும்பி வருகிற வாடிக்கையாளர் கேட்பது கடைக்காரரைத்தான்.

அடுத்து நடந்தது கவனமாகப் பார்க்க வேண்டியது. ரேவன்ஸ்கிராப்ட் சேர்மானத்தில் ஈய ஆக்சைடைச் சேர்த்துப் பார்த்தார், அளவைக் கூட்டினார், குறை குறைந்தது. 1676-இல் குழு, அந்தக் குறை தீர்ந்துவிட்டது என்று சான்று வெளியிட்டது. நோய் வந்த பழைய கண்ணாடியோடு புதியதைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, அடுத்து வந்த பாத்திரங்களில் சிறு கண்ணாடிப் பொட்டு ஒன்று ஒட்டி அதில் அண்டங்காக்கைத் தலை அச்சிட்டார். அவர் பெயரிலேயே அண்டங்காக்கை இருந்தது. இப்போது எஞ்சியிருக்கும் முத்திரைப் பாத்திரங்கள் மிகச் சிலவே. அவற்றில் சிலவற்றில் அதே நோய் தென்படுகிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஜாமீன் கொடுத்தவர் தவறாகவும் சொல்லக்கூடும். ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள்: வெனிஸ் குழு தன் கலைஞனைத் தப்பாமல் காவல் காத்தது, லண்டன் குழு தன் சரக்கைத் தப்பாமல் இருக்கச் சொல்லி அவனைத் துரத்திக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் ஆராய்ச்சியாளர்கள் அல்ல. ஈயத்தைக் கண்டுபிடித்ததும் அவர்கள் அல்ல. வாடிக்கையாளரின் கோபத்தை உலை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் அவர்கள் செய்த வேலை. 1681-இல் காப்புரிமை முடிந்ததும் ஈயக் கண்ணாடியை யார் வேண்டுமானாலும் செய்யலாமென்று ஆயிற்று. 1696-இல் ஜான் ஹூட்டன் எடுத்த கணக்கில் இங்கிலாந்தில் 27 உலைகள் அதைச் செய்துகொண்டிருந்தன. முரானோ தன் இரகசியத்தைக் காக்க முடியாமல் இழந்ததும், லண்டன் அதைப் பூட்டி வைக்காமல் வென்றதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தவை.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். ஜாமீன் நிற்பது அரசாங்கத்தின் வேலையல்லவா, சங்கம் எதற்கு? பதினெட்டாம் நூற்றாண்டின் பிரிட்டன் இதற்கு ஒரு எதிர்பாராத சோதனைக்களம். 1745-இல் விதிக்கப்பட்ட கண்ணாடித் தீர்வை 1845 வரை நூறு ஆண்டு நடந்தது. அதற்காகத் தீர்வை அதிகாரிகள் கண்ணாடி உலைகளிலேயே காவல் இருந்தார்கள். எடை போட்டார்கள், குறித்துக்கொண்டார்கள், தங்கள் அனுமதி இல்லாமல் பானையைத் திறக்க விடவில்லை. எந்தத் தொழிலின் உள்ளேயும் அரசு இவ்வளவு நெருங்கி நின்றது அபூர்வம். ஆனால் கண்ணாடியின் தரத்துக்கு அந்த நூறாண்டில் அரசு செய்தது மிகக் குறைவு, வரிப்பயத்தால் உலைக்காரர்கள் புதிய சேர்மானங்களைச் சோதிக்கத் தயங்கினார்கள் என்பதே பலரின் முடிவு. அதிகாரம் வாசலில் நிற்பதாலேயே ஜாமீன் கிடைத்துவிடாது. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண் வேண்டும், அந்தக் கண் தொழிலுக்குள்தான் இருக்கிறது. 1845-இல் தீர்வை போயிற்று, 1696-இலிருந்து இருந்த ஜன்னல் வரி 1851-இல் போயிற்று. அதே 1851-இல் சான்ஸ் சகோதரர்கள் தந்த ஏறக்குறைய மூன்று லட்சம் கண்ணாடிப் பலகைகளால் லண்டன் ஹைட் பூங்காவில் பளிங்கு அரண்மனை நின்றது. கண்ணாடி மலிந்தது, வீடெங்கும் வந்தது, அதோடு விபத்தும் வீடெங்கும் வந்தது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலிமையானது. ஒரே தொழில்காரர்கள் கூடினால் பேச்சு விலையில்தான் முடியும் என்று 1776-லேயே ஆடம் ஸ்மித் எழுதியிருக்கிறார், கண்ணாடித் தொழில் அவருக்குச் சாட்சி சொல்ல வரிசையில் நிற்கிறது. 1904-இல் ஐரோப்பாவின் தட்டைக் கண்ணாடி முதலாளிகள் கூடி உற்பத்தியைப் பங்குபோட்டுக்கொள்ள ஒரு உடன்படிக்கையே செய்துகொண்டார்கள். நூறாண்டு கழித்தும் பழக்கம் போகவில்லை. 2007-இல் ஐரோப்பிய ஆணையம் கட்டடக் கண்ணாடியில் விலைபேசிக்கொண்டதற்காக நான்கு பெரிய நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 48.7 கோடி யூரோ அபராதம் போட்டது. அடுத்த ஆண்டு கார்க் கண்ணாடி வழக்கில் அபராதம் நூறு கோடியைத் தாண்டியது. இதைக் கண்டுகொள்ளாமல் சங்கங்களைப் புகழ்ந்து எழுதுவது நேர்மையல்ல. ஆனால் விலைச் சதிக்குச் சங்கம் தேவைப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உலை வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர்தான், அவர்களுக்கு ஒரு உணவகத்தின் மேஜை போதும். கண்ணாடியை வெட்டிச் சட்டத்தில் மாட்டி, வலை பின்னி, வீடுகளில் பொருத்துகிறவர்கள் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைக்காரர்கள், அவர்களால் சந்தையின் விலையை நிர்ணயிக்க முடியாது. இரண்டையும் பிரித்தறிய எளிய அடையாளம் ஒன்றும் உண்டு. சதி மறைவில் நடக்கும், தன் பெயரை யாருக்கும் காட்டாது. ஜாமீன் வெளிச்சத்தில் நடக்கும். சரக்கின் மூலையில் தன் பெயரைப் பொறித்து, தவறினால் தன்னைத் தேடி வரும்படி முகவரியும் கொடுக்கும்.

அப்படி மூலையில் பொறித்த பெயருக்கு இருபதாம் நூற்றாண்டில் உயிர் காக்கும் பொறுப்பே வந்துவிட்டது. அதற்கு மெல்பர்ன் நகரம் நல்ல உதாரணம். 1958-இல் முடிந்த ஐ.சி.ஐ. மாளிகை நகரின் பழைய உயரக் கட்டுப்பாட்டை உடைத்த முதல் கட்டடம், இருபது மாடி, சுவரே கண்ணாடி. அதற்குப் போட்டது டஃபன்ட் எனப்படும் கடினப்படுத்திய கண்ணாடி. அதை மெத்தென்றாகும் வரை காய்ச்சி, சட்டென்று குளிர்காற்றை அடித்து ஆறவைப்பார்கள். மேல்தோலில் அழுத்தவிசையும் நடுவில் இழுவிசையும் தங்கிவிடும், மேல்தோலின் அந்த அழுத்தவிசைதான் அதன் பலம். பலமும் பத்திரமும் இருக்கும் என்று நம்பிப் பொருத்திய பலகைகளில் சில, யாரும் தொடாமல், காற்றும் அடிக்காமல், தானாக வெடித்து விழுந்தன. ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் பாலன்டைன் 1961-இல் காரணம் சொன்னார்: உள்ளே நிக்கல் சல்பைடுத் துகள், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இரண்டு பங்கு அளவு. சூட்டில் சுருங்கிய நிலையில் அது கண்ணாடிக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. பிறகு மெதுவாகத் தன் பழைய உருவத்துக்கு விரிகிறது. விரிவதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். இழுவிசை உள்ள நடுப்பகுதியில் உட்கார்ந்திருந்தால் ஒருநாள் பலகையே சிதறிவிடும். ஹென்லியின் மங்கிய கிண்ணத்தைவிடவும் மறைவான குறை இது. பட்டறையில் நிற்கும் எந்தத் தேர்ந்த கண்ணாலும் கண்டுபிடிக்க இயலாது.

இந்தக் காரணத்தைச் சொன்னது தொழில் சங்கமில்லை, அரசு ஆய்வகம். அதை ஒப்புக்கொண்டே மேலே போக வேண்டும். ஆய்வகம் சொன்னதை ஆயிரம் பட்டறைகளின் அன்றாட நடைமுறையாக்குவது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. பலகையை அனுப்புமுன் சுமார் 290 டிகிரி சூட்டில் சில மணி நேரம் அடுப்பில் வைத்து, வெடிக்க வேண்டியதைத் தொழிற்கூடத்திலேயே வெடிக்க வைக்கும் சோதனை பிற்பாடு வந்தது. அதற்குச் செலவு உண்டு. செலவழித்துச் செய்கிறவர் செய்யாதவரிடம் விலையில் தோற்றுப்போகாமல் இருக்க வேண்டுமானால் அந்தச் சோதனையை எல்லோருக்கும் பொதுவான கோட்பாடாக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதற்கான வழி தரநிர்ணயக் குழுக்கள். கட்டடக் கண்ணாடித் தேர்வும் பொருத்தும் முறையும் சொல்லும் ஏ.எஸ். 1288 என்ற விதி 1973-லிருந்து பல பதிப்பு கண்டது, ஜன்னல்களுக்கு ஏ.எஸ். 2047. இந்தக் குழுக்களில் தொழில் சங்கங்களின் ஆட்கள், ஆய்வகத்தார், கட்டுமானத்தார், அரசு அதிகாரிகள் சேர்ந்து உட்காருகிறார்கள். கதவுக்கும் குளியலறைக்கும் பொருத்தும் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும், அதன் மூலையில் செய்தவர் பெயரும் தரமும் அழியாதபடி பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பின்னாளில் ஆஸ்திரேலிய ஜன்னல் சங்கமும் கண்ணாடிப் பொருத்துநர் சங்கமும் இணைந்து ஆஸ்திரேலியக் கண்ணாடி ஜன்னல் சங்கமாகிவிட்டன. இரண்டாக இருந்ததே ஒரு விநோதம்: ஜன்னல் சட்டம் செய்கிறவருக்கும் கண்ணாடி செய்கிறவருக்கும் குறை வந்தால் ஒருவரையொருவர் காட்டிவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

டார்வின் நகரத்தில் 1974 கிறிஸ்துமஸ் அதிகாலையில் வீசிய ட்ரேசி புயல் இந்த வாதத்துக்கு ஒரு சிக்கலைக் கொடுக்கிறது. விமான நிலையத்துக் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டர் காட்டியதோடு செயலிழந்தது. 66 பேர் இறந்தார்கள், வீடுகளில் பெரும்பகுதி நாசமானது. பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று ஜன்னலைப் பற்றியது. காற்றில் பறந்த தகரமும் மரத்துண்டும் ஜன்னலை உடைக்கும், உடைந்ததும் காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையை உள்ளிருந்து தூக்கும், கூரை போனால் சுவர் நிற்காது. ஒரு பலகை கண்ணாடி அரைகுறையாக இருந்தால் முழு வீடும் போகும். இதற்குப் பின் வந்த மாற்றங்களைக் கொண்டுவந்தது அரசும் பொறியாளர்களும்தான். 1977-இல் டவுன்ஸ்வில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் புயல் சோதனை நிலையம் தொடங்கியதும் அப்படியே. ஆகவே சங்கங்கள் பாதுகாப்பைக் கண்டுபிடித்தன என்று நான் சொல்லவில்லை. புயலும் மரணமும் கண்டுபிடித்துத் தந்ததை, அரசு எழுதி வைத்ததை, ஒவ்வொரு ஜன்னல் சட்டத்தின் மீதும் ஒட்டக்கூடிய ஒரு தாளாக மாற்றுவது சங்கத்தின் பங்கு. அழுத்தம் இவ்வளவு தாங்கும், மழைத்தண்ணீர் இவ்வளவு வரை உள்ளே வராது என்று அந்த ஒட்டுத்தாள் சொல்லும். அதற்குப் பின்னால் சோதனை அறிக்கையும், உறுப்பினர் பட்டறையைப் பார்வையிட்டுப் போகும் தணிக்கையாளரும் இருந்தால்தான் அந்தத் தாளுக்கு அர்த்தம்.

கம்பிவலைத் திரைகளின் கதை இவற்றுள் புதியது, எனக்குச் சுவையானதும் அதுதான். ஆஸ்திரேலிய வீடுகளில் கதவுக்கும் ஜன்னலுக்கும் வெளிப்புறம் ஒரு சட்டமிட்ட வலைத்திரை பொதுவான காட்சி. ஈ கொசு தடுக்க ஒன்று, திருடனைத் தடுக்க இன்னொன்று. அலுமினியத்தில் வைர வடிவக் கட்டம் போட்ட வலைக்கதவு இரண்டு கடையில் இரண்டு விலைக்கு நிற்கும். ஒன்று தரச்சோதனையில் தேறிய பாதுகாப்புக் கதவு. மற்றொன்றைத் தொழில்காரர்களே தடுப்புக்கதவு என்ற பொருளில் வேறு பெயரிட்டுத்தான் விற்கிறார்கள், அது சோதனைக்கே போகாதது. பார்வைக்கு வித்தியாசம் சொல்ல முடியாது. 2003-இல் வந்த விதிகள் இந்த இடத்தைத்தான் குறிவைத்தன. திரை எப்படியிருக்க வேண்டும் என்பதை அப்போது ஏ.எஸ். 5039 சொன்னது, பொருத்துவதை 5040, சோதிப்பதை 5041. சோதனைகளின் பட்டியலைப் பார்த்தால் ஒரு திருடனின் இரவு முழுவதும் அதில் இருக்கிறது. 100 ஜூல் ஆற்றலோடு ஐந்து முறை கனமான மூட்டை வந்து மோதும், தோளால் இடிப்பது போல. பூட்டருகிலும் கீலருகிலும் கடப்பாரை போட்டு நெம்புவார்கள். கத்தியை வலைமேல் வைத்து அழுத்தி இழுப்பார்கள். பிடித்து வெளியே இழுப்பார்கள். இவ்வளவும் தாங்கினால்தான் பெயர் போடலாம். தேசியப் பாதுகாப்புத் திரைச் சங்கம் போன்ற அமைப்புகளின் கவலை முழுவதும் இந்தப் பெயரைச் சுற்றியே இருக்கிறது: சோதிக்காததை விற்பது குற்றமல்ல, சோதித்தது என்று சொல்லி விற்பதுதான் குற்றம். வேலியடைக்கும் பழைய குழுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த நுணுக்கத்தில் இருக்கிறது. வெளியாரைத் தொழில் செய்யாதே என்று அது சொல்வதில்லை, சோதிக்காத சரக்கின்மேல் சோதித்தது என்று எழுதாதே என்று மட்டும் சொல்கிறது.

அதே திரைக்கு 2013-இல் இன்னொரு வேலையும் வந்தது. மாடி ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் விழும் விபத்துகளைப் பார்த்துவந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் கேட்டதன் விளைவாக, வெளித்தரையிலிருந்து இரண்டு மீட்டரோ அதற்கு மேலோ உயரத்தில் தளமுள்ள படுக்கையறையின் ஜன்னல் 125 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கக் கூடாது, அல்லது 250 நியூட்டன் வரை வெளிப்புறத் தள்ளலைத் தாங்கும் திரை இருக்க வேண்டும் என்று கட்டட விதி வந்தது. சாதாரண ஈவலை இந்தத் தள்ளலைத் தாங்காது. ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் ஏறி வலையில் சாய்கிற குழந்தைக்கோ, வலை இருக்கிறதே என்று சமையலறைக்குப் போகும் தாய்க்கோ அது தெரிய நியாயமில்லை. இங்கே சட்டம் வந்தபின் சங்கம் எதற்கு என்று மறுபடி கேட்கலாம். சட்டம் புதிய வீட்டைக் கட்டுமுன் கேட்கிறது. ஏற்கெனவே நிற்கிற லட்சக்கணக்கான வீடுகளில் எந்த வலை எந்த வகை என்று, அந்த வலையைத் தினமும் பின்னிக்கொண்டிருப்பவரன்றி வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

சங்கத்தின் கை எட்டாத இடமும் இதே தொழிலில்தான் தெளிவாகத் தெரிகிறது. தொழிற்கூடத்தில் சோதித்த திரை, உறுதியான சட்டத்தில் திருகி நிறுத்திய திரை. வீட்டில் அதைப் பொருத்துகிறவர் பழைய மர நிலையில் நான்கு சிறு திருகோடு முடித்துவிட்டுப் போனால், கடப்பாரைக்கு வலை அசையாது, நிலையே பெயர்ந்து வரும். கடலோர ஊர்களில் அலுமினியச் சட்டத்துக்குள் துருப்பிடிக்காத எஃகு வலையை நேரடியாகச் செருகினால், உப்புக்காற்றில் இரண்டு உலோகத்துக்கும் நடுவே அரிப்பு தொடங்கும். சட்டத்தின் உதட்டுக்குள்ளே நடப்பதால் வெளியே தெரியாது, அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் நடுவில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பட்டை வைக்கிறார்கள். பொருத்தும் வேலைக்கெனத் தனி விதி இருக்கிறது. குவீன்ஸ்லாந்து போன்ற மாநிலங்கள் அந்த வேலை செய்வோருக்கு உரிமமும் கேட்கின்றன. ஆனால் தணிக்கையாளர் போவது பெரும்பாலும் பட்டறைக்கு, ஊர் ஊராக வீட்டு வாசலுக்கு அல்ல. கதவின் அடியில் ஒட்டியிருக்கும் தாள் தயாரித்தவரின் பெயரைத்தான் சொல்கிறது. சனிக்கிழமை மத்தியானம் வந்து திருகை முடுக்கிவிட்டுப் போனவரின் பெயரை எந்தத் தாளிலும் எழுதும் வழக்கம் இன்னும் பரவவில்லை. அடுத்த பதிப்புகளில் சங்கங்கள் கையில் எடுக்க வேண்டிய முதல் வேலை அதுவென்றே நினைக்கிறேன். அதை எடுத்தால், பொருத்தும் வேலையைக் கூலிக்கு வெளியாளிடம் விட்டுவிடும் தங்கள் சொந்த உறுப்பினர்களோடுதான் முதலில் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும்.